பாட்டி வீட்டுக்கு வராத கரண்ட்டும் 15 லட்ச ரூபாய் சட்டப் படிப்பும்

போன வாரம் நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா ஜீப் ஓட்டுகிறார். மகள் அரசுப் பள்ளியில் வணிகவியல் குரூப் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டில் நல்ல ரேங்க் வரவில்லை. பெங்களூரில் இருக்கும் பெரியப்பா ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் பேசி வைத்திருக்கிறார். வருடத்துக்கு 3 லட்சம், ஐந்து வருடம், ஹாஸ்டல் தனி. "அங்கே படித்தால்தான் கார்ப்பரேட் வக்கீல் ஆகலாம். கவர்மென்ட் லா காலேஜ் என்றால் கோர்ட் வாசலில் நிற்க வேண்டியதுதான்" என்றாராம். இதைச் சொல்லும்போது அம்மாவின் கை கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பயப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பேச ஆரம்பித்தேன். நகையை அடகு வைக்கப் போகிறோம் என்றதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அண்ணா, அந்த இடம் வேண்டாம். 15 லட்சத்தை 10 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை மட்டும் கிட்டத்தட்ட 20,000 ரூபாய். ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும், மற்ற ஊர்களில் 15,000 என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதையும் எல்லா சீனியரும் கொடுத்துவிடுவதில்லை. அப்படியே முழுசாக வந்தாலும் அவ்வளவும் வங்கிக்குத்தான் போகும். பிள்ளை எதைச் சாப்பிடுவாள்? பொதுவாக ஏழரை லட்சத்தைத் தாண்டிய கல்விக் கடனுக்கு வங்கி பிணை கேட்கும். பட்டா இல்லாத உங்கள் பிரிவு 17 நிலம், அதாவது கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் உரிமை இன்னும் முடிவாகாத நிலம், அதற்கு உதவாது. அதனால்தான் பேச்சு நகையில் வந்து நிற்கிறது. பெரியப்பா அக்கறையில் சொல்கிறார், மறுக்கவில்லை. ஆனால் தவணை கட்டப் போவது அவர் இல்லை.

சரி, பிள்ளைக்கு என்ன வேண்டும்? ஏன் சட்டம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு ஜெராக்ஸை எடுத்தாள். தேவாலா பக்கம் இருக்கும் பாட்டி வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டுக் கொடுத்த விண்ணப்பம். நிலம் பிரிவு 17, அதனால் தர முடியாது என்று திரும்பி வந்திருக்கிறது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் 2003 மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவை எழுதி, 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' என்ற இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தாள். "பாட்டி குடியிருப்பவர்தானே சார்?" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகத் தேடிப் படித்தது. மறுபக்கம் வனச் சட்டம் நிற்கிறது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. நாடு முழுவதும் காட்டு வழக்குகளுக்கு அடிப்படையாக இருக்கும் கோதவர்மன் வழக்கு 1995-ல் கிளம்பியதே கூடலூர்க் காடுகளை வைத்துத்தான். அதெல்லாம் அவள் படிக்கப் படிக்கத் தெரிந்துகொள்வாள்.

நீங்கள் ஊட்டிக்கு ஜீப் ஓட்டும்போதெல்லாம் பைக்காராவைத் தாண்டித்தான் போகிறீர்கள். 1932-லிருந்து அந்தத் தண்ணீரில் கரண்ட் எடுக்கிறார்கள். குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் திட்டம். மலையை விட்டு இறங்கினால் பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலை. கோவை, திருப்பூர் மில்களில் பல சொந்தக் காற்றாலை வைத்திருக்கின்றன. இத்தனை கரண்ட் இருக்கும் இடத்தில் சண்டையும் இருக்கும். காற்றாலைக் கரண்ட்டை மின் வாரியத்தின் கம்பி வழியாக மில்லுக்குக் கொண்டுவர எவ்வளவு கட்டணம்? சொந்த உபயோகம் என்று சலுகை கேட்டால், அந்தக் காற்றாலையில் மில்லுக்கு 26 சதவீதப் பங்கு இருக்கிறதா, 51 சதவீதக் கரண்ட்டை உண்மையிலேயே பயன்படுத்தினார்களா? கரண்ட்டை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாகத் தேயிலை ஃபேக்டரிக்கு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால் அந்தக் கணக்கு சரியா? தோட்டத்துக்கு மேல் உயர் அழுத்தக் கம்பி போனால் நஷ்டஈடு எவ்வளவு? கடைசிக் கேள்விக்கு இன்றும் 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தைத்தான் புரட்ட வேண்டும், மாவட்ட நீதிபதியிடம் போக வேண்டும்.

நுகர்வோர் புகார் என்றால் முதலில் மின் குறைதீர் மன்றம், அப்புறம் குறைதீர்ப்பாளர். உற்பத்தியாளருக்கும் வாரியத்துக்கும் தகராறு என்றால் சென்னையில் இருக்கும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதன் உத்தரவு பிடிக்காவிட்டால் 45 நாளுக்குள் டெல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். இந்த வேலையில் பாதி சட்டம், பாதி கணக்கு. மீட்டர் ரீடிங், ஒப்பந்தம், மாதாந்திரக் கணக்குத்தாள் எல்லாவற்றையும் வரி வரியாகப் பார்க்கத் தெரிய வேண்டும். உங்கள் மகளுக்குக் கணக்குப்பதிவியல் பிடித்த பாடம். கோவையில் மில்களுக்காக மின்சார வழக்கு நடத்தும் ஓர் அலுவலகத்தில் அவளை நினைத்துப் பாருங்கள்.

"கூச்ச சுபாவம், வக்கீல் வேலைக்குச் சரிப்பட்டு வருமா?" என்று அம்மா கேட்டார். வரும். ஆணையத்தில் மனுவும் பதில் மனுவும் ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. ஜெராக்ஸின் பின்பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்த பிள்ளை அதைச் செய்வாள்.

கோவை அரசு சட்டக் கல்லூரிக்கு கிளாட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். கட்டணம் ஆயிரக்கணக்கில் முடிந்துவிடும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். முதல் இரண்டு வருடம் ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கவும் எக்செல் போடவும் பழகட்டும். ஆணையத்தின் உத்தரவுகள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும், வாரத்துக்கு ஒன்று படித்துக் குறிப்பெடுக்கட்டும். மூன்றாம் வருடம் அந்தக் குறிப்பு நோட்டோடு இன்டர்ன்ஷிப் கேட்டுப் போகட்டும். வேலையில் முதல் மூன்று வருடம் வருமானம் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் தலைக்கு மேல் கடன் இருக்காது. பிடிக்காத வேலையை விட்டுவிட்டு வேறு சீனியரைத் தேடிப் போகலாம்.

பெரியப்பாவின் நம்பரைக் கொடுங்கள், நானே பேசுகிறேன். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். சட்டக் கல்லூரி விண்ணப்பம் போட வரும்போது மதிப்பெண் பட்டியலோடு அந்த ஜெராக்ஸையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பாட்டி வீட்டுக்குக் குறைதீர் மன்றத்தில் மனு போட முடியுமா என்று அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.