9 அடி அகலம், 20 அடி நீளம்: ரயில்பெட்டி மாதிரி இருக்கும் ஹாலை எப்படி அமைப்பது?

நீளச் சுவர்களில் சோபாவும் டிவியும் எதிரெதிரே வேண்டாம். நடுவில் நடப்பவர்கள் மறைத்துக்கொண்டே இருப்பார்கள். வழியை ஒரு ஓரமாக மூன்று அடிக்கு ஒதுக்கிவிடுங்கள். மீதி ஆறடியில் இருவர் சோபாவைக் குறுக்காகப் போடலாம். அதன் முதுகே தடுப்பு: முன்னால் கடைசிச் சுவரில் டிவி, பின்னால் வாசல் பக்கம் சின்னச் சாப்பாட்டு மேசை. மூலை சோபா செட் ஆசையை விட்டுவிடுங்கள், இந்த அகலத்துக்கு அது அடைசல்தான்.

கடைசிச் சுவருக்கு மட்டும் கொஞ்சம் அடர்ந்த நிறம் அடித்தால் அது கிட்டே வந்ததுபோல் தெரியும். கண்ணாடியை நீளச் சுவரில் மாட்டுங்கள், அகலம் கூடினாற்போல் இருக்கும். கடைசிச் சுவரில் மாட்டினால் நீளம் இன்னும் கூடி, குகை மாதிரிதான் தெரியும்! அப்புறம், ஒற்றை டியூப்லைட் போதாது. இரண்டு பகுதிக்கும் தனித்தனி விளக்கு வையுங்கள்.