திருமலை வாசகர் கேட்டவை: உம்மாவின் வட்ஸ்அப், கடலில் ஜிபிஎஸ், கன்னியாவின் சூடு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே கவலையைச் சுற்றியவை: நம்மைப் பற்றி யாருக்கு என்ன தெரிகிறது? இதற்குப் பதில் தேடும்போது நான் முதலில் பார்ப்பது, அந்தக் கருவி எதைப் பெறுகிறது, எதை வெளியே அனுப்புகிறது என்பதைத்தான். அது தெரிந்தால் எங்கே பயப்பட வேண்டும், எங்கே தேவையில்லை என்பது பிரிந்துவிடும். மற்றக் கேள்விகள் வானத்தையும் நிலத்தையும் பற்றியவை.

உம்மாவின் வட்ஸ்அப்பில் இருந்து கட்டாரில் இருக்கும் நானாவுக்கு "அவசரமாகக் காசு அனுப்பு" என்று மெசேஜ் போயிருக்கிறது. உம்மா அனுப்பவில்லை. முதல் நாள் மாமியின் நம்பரில் இருந்து, "தவறுதலாக உங்களுக்கு ஒரு குறியீடு வந்திருக்கும், அதை அனுப்புங்கள்" என்று கேட்டார்களாம், உம்மாவும் அனுப்பிவிட்டார். இப்போது அவருடைய போனில் வட்ஸ்அப் வேலை செய்யவில்லை. — கிண்ணியா

முதல் வேலை, நானாவுக்கும் மற்றச் சொந்தங்களுக்கும் சாதாரண அழைப்பு எடுத்துச் சொல்வது. காசு போகாமல் நிற்பதுதான் இப்போது முக்கியம். கணக்கை அதற்குப் பிறகு மீட்கலாம். உம்மா இருக்கும் குடும்பக் குழுக்களிலும் வேறு யாராவது எழுதிவிடுங்கள். திருடன் அந்தக் குழுக்களுக்குள்ளும் இருக்கிறான்.

அப்புறம் உம்மாவின் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து, அவருடைய நம்பரையே கொடுத்துப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். ஆறு இலக்கக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும். சிம் உம்மாவிடம்தான் இருக்கிறது, ஆகவே குறியீடும் அவரிடமே வரும். அதைப் போட்டவுடன் மற்றவன் தானாக வெளியேற்றப்படுவான். சில வேளை அதற்குப் பிறகு இன்னொரு பின் நம்பர் கேட்கும். அது திருடன் உள்ளே இருந்தபோது போட்ட பூட்டு. அப்படியானால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஏழு நாளும் அவனும் உள்ளே இருக்க மாட்டான்.

உம்மா பழைய உரையாடல்களையும் படித்துவிட்டார்களோ என்று கவலைப்படுவார். வட்ஸ்அப் செய்திகள் போனில்தான் சேமிக்கப்படுகின்றன, எனவே வேறு போனில் பதிவு செய்தவனுக்குப் பழையவை தெரியாது. கணக்கு திரும்பக் கிடைத்ததும் செட்டிங்ஸில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' என்பதைத் திறந்து உம்மாவுக்கு மறக்காத ஒரு பின் நம்பரைப் போடுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலையும் பாருங்கள். தெரியாதது ஏதும் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

உம்மாவை ஏச வேண்டாம். கேட்டது மாமியின் நம்பர். மாமியின் கணக்கு அதற்கு முதலே களவு போயிருக்கிறது, அவருக்கும் இதே வழியைச் சொல்லிக் கொடுங்கள். இலங்கையில் இது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். பொலிஸில் முறையிடலாம். கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

கொட்டியாரக் குடாவைத் தாண்டி வெளியே போனால் சிக்னல் இல்லை. ஆனால் போனில் ஜிபிஎஸ் வேலை செய்கிறது. எப்படி? செய்மதி எங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறதா? — மூதூர், கடற்றொழிலாளர்

பார்க்கவில்லை அண்ணன். ஜிபிஎஸ் செய்மதி கலங்கரை விளக்கம் மாதிரி. வெளிச்சத்தை வீசிக்கொண்டே இருக்கும், அதை எந்தப் படகு பார்க்கிறது என்று அதற்குத் தெரியாது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் இந்தச் செய்மதிகள் "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இவ்வளவு" என்று ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே போகின்றன. உங்கள் போன் அதைக் கேட்கிறது, பதில் சொல்வதில்லை. சமிக்ஞை வந்து சேர எடுத்த நேரத்தில் இருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு செய்மதிகள் கிடைத்தால் உங்கள் இடம் தெரிந்துவிடும். இதற்கு சிம்மும் டேட்டாவும் தேவையில்லை.

எல்லாமே நேரக் கணக்கு என்பதால் செய்மதிகளில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு, அதனால் தரையில் இருக்கும் கடிகாரத்தை விட நாளொன்றுக்கு 45 மைக்ரோசெக்கன் வேகமாக ஓடும். செய்மதியின் வேகத்தால் 7 மைக்ரோசெக்கன் பின்னடையும். மிச்சம் 38. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையை வைத்து இந்த வித்தியாசத்தைத் திருத்தாவிட்டால், ஒரே நாளில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் பிழை சேரும். நீங்கள் வலை போட்ட இடத்தைத் தேடிப் போவதற்குப் பின்னால் அந்தக் கணக்கு இருக்கிறது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் வியப்புத்தான்.

இடத்தை வெளியே சொல்வது வேறு பொருட்கள். போனில் இருக்கும் செயலிகள் டேட்டா கிடைத்ததும் அனுப்பலாம். பல நாள் படகுகளில் பூட்டும் விஎம்எஸ் என்ற கண்காணிப்புக் கருவி கடற்றொழில் திணைக்களத்துக்கு அனுப்புவதற்காகவே இருக்கிறது. கரையில் இருக்கும்போதே வரைபடத்தைத் தரவிறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் நீலப் புள்ளி தெரியும், சுற்றிவர ஒன்றும் தெரியாது. போன் சார்ஜ் இறங்கினால் அதுவும் இல்லை, ஆகவே திசைகாட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

நிலாவெளிக் கடற்கரையில் இருந்து இரவு வானத்தில் வரிசையாக வெளிச்சங்கள் போவதைப் பார்த்தோம். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். — நிலாவெளி

பெரும்பாலும் இணையச் சேவை தரும் ஸ்டார்லிங்க் செய்மதிகள். ஏவிய முதல் சில நாட்களுக்கு அவை ஒன்றின் பின் ஒன்றாகப் போகும், பிறகு பிரிந்து மேலே ஏறிவிடும். சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்கு இருட்டிய பிறகும் மேலே வெயில் இருப்பதால் மினுங்குகின்றன. சில நூறு கிலோமீற்றர் உயரத்தில்தான் இருப்பதால் இணையம் அதிகத் தாமதமில்லாமல் வருகிறது. 2025 ஜூலையில் இந்தச் சேவை இலங்கைக்கும் வந்தது.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். வீட்டுக் கூரையில் இருக்கும் டிவி டிஷ் அசைவதே இல்லை. அது பார்க்கும் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றி, ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிகிறது. இப்படியான செய்மதிகளை வைத்து உலகம் முழுவதற்கும் தகவல் அனுப்பலாம் என்று 1945 இல் எழுதிக் காட்டியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956 இல் இலங்கைக்கு வந்து தங்கியவர், திருக்கோணேஸ்வரத்தின் அடியில் நம் கடலில் சுழியோடியவர்.

நகரில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். நாளெல்லாம் ஆட்கள் அடையாள அட்டையைக் கடை வட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கிறார்கள். அந்தப் படங்கள் எல்லாம் கடைக் கணினியிலேயே கிடக்கின்றன. இதில் பிரச்சினை இருக்கிறதா? — திருகோணமலை

இருக்கிறது. அதை நீங்களே கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம் தம்பி.

அட்டையைக் கூடப் பார்க்க வேண்டாம், இலக்கமே போதும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 85542 என்று தொடங்கினால் 1985 இல், 42 ஆவது நாளில், அதாவது பெப்ரவரி 11 இல் பிறந்த பெண். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்கத்தில் ஆண்டு முழுதாக இருக்கும், மற்றக் கணக்கு அதேதான். இப்போது யோசித்துப் பாருங்கள்: வங்கிக்கு அழைத்துப் பேசினால் கேட்பது பிறந்த திகதி. சில நிறுவனங்கள் அனுப்பும் கணக்கு அறிக்கையைத் திறக்கும் கடவுச்சொல்லே அடையாள அட்டை இலக்கம். முகம், முகவரி, கையொப்பம் எல்லாம் உள்ள படத்தை ஒருவன் எடுத்துக்கொண்டால் அவன் கையில் பாதி வேலை முடிந்த மாதிரி.

கடைக் கணினியில் 'டவுன்லோட்ஸ்' என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். வட்ஸ்அப் இமேஜ் என்று திகதி போட்ட கோப்புகள் அடுக்காக இருக்கும், பல வருடத்துக்கு முந்தியவை கூட. அவற்றை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். கடை வட்ஸ்அப்பில் மறையும் செய்திகளை 24 மணித்தியாலத்துக்குப் போடுங்கள். படங்கள் போனின் கலரியில் தானாகச் சேர்வதையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உரையாடல் மறைந்தாலும் படம் மிஞ்சும். பிறகு, ஒவ்வொரு நாளும் கடை பூட்ட முன் ஒரு தடவை அழிக்கும் பழக்கம். வேறு செலவு ஏதும் இல்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பிறகும் மற்றவருடைய தரவை வைத்திருக்கக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டதுதான்.

பிரிண்ட் எடுக்க வருகிறவர்களுக்கு: பிரதியின் மேல் குறுக்காக இரண்டு கோடு போட்டு, யாருக்கு, எதற்கு, எந்தத் திகதி என்று எழுதிக் கொடுங்கள். படம் அழிந்ததா என்று கேட்கவும் வெட்கப்பட வேண்டாம்.

மனைவியோடு வாஷிங் மெஷின் வாங்குவது பற்றி வாயால் மட்டும்தான் பேசினேன். ஒரு மணித்தியாலத்தில் பேஸ்புக்கில் விளம்பரம். போன் ஒட்டுக் கேட்கிறதுதானே? — உப்புவெளி

இதே சந்தேகத்தை அமெரிக்காவின் நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கு மேற்பட்ட அன்ட்ரொய்ட் செயலிகளில் சோதித்து 2018 இல் வெளியிட்டார்கள். இரகசியமாக மைக்கை இயக்கிப் பேச்சை அனுப்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் சில செயலிகள் திரையில் நடப்பதைப் படம்பிடித்து வேறு நிறுவனங்களுக்கு அனுப்புவது பிடிபட்டது. என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

உங்கள் வீட்டில் நடந்திருக்கக்கூடியது இது: நீங்கள் பேசினீர்கள், மனைவி தன் போனில் விலை பார்த்தார். இரண்டு போனும் ஒரே வைஃபையில், ஒரே வீட்டில். விளம்பரக் கம்பனிக்கு நீங்கள் ஒரு குடும்பம் என்பது தெரியும். பேச்சைக் கேட்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

அன்ட்ரொய்ட் 12 முதல் மைக் அல்லது கமரா இயங்கினால் திரையின் மூலையில் பச்சைப் புள்ளி வரும், ஐபோனில் மைக்குக்குச் செம்மஞ்சள் புள்ளி. காரணம் இல்லாமல் தெரிந்தால் எந்தச் செயலி என்று பாருங்கள். அன்ட்ரொய்டில் விளம்பர அடையாளத்தை நீக்கும் வசதியும் செட்டிங்ஸில் இருக்கிறது, இன்றே நீக்கிவிடலாம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அடியில் எரிமலை இருக்கிறதா ஐயா? மகள் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறாள். — தம்பலகாமம்

இல்லை. இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை ஒன்றும் கிடையாது. நம் காலடியில் இருப்பது மிகப் பழைய பளிங்குருப் பாறை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை சூடு கூடும். அங்கே சூடான நீர், வேறு வெடிப்பு வழியாக ஆறுவதற்கு நேரம் இல்லாமல் மேலே வருகிறது.

வரைபடத்தை வைத்து மகளுக்கு ஒன்று காட்டுங்கள். கன்னியாவில் இருந்து மகா ஓயா, பிறகு தெற்கே ஹம்பாந்தோட்டைப் பக்கம் மகாபெலெஸ்ஸ என்று வெந்நீரூற்றுகளைக் குறித்துக்கொண்டு போனால், அவை தீவின் கிழக்குப் பாதியில் ஒரு வரிசையாக விழும். இரண்டு வகைப் பழம்பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லை அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. உடைந்த பாறை அங்கே அதிகம், நீருக்கு வழியும் அதிகம்.

ஏழு சதுரக் கிணறுகள், எட்டி நின்று வாளியால் அள்ளும் தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனாலும் ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. அடியில் இருந்து வரும் சூடான நீரோடு மேல்மட்டத்து நிலத்தடி நீர் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் கலப்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். அடுத்த முறை போகும்போது மகளிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, ஏழிலும் அளந்து எழுதச் சொல்லுங்கள். மாரியிலும் கோடையிலும் அளந்தால் இன்னும் நல்லது. இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் குத்திய கதையையும் சேர்த்தே சொல்லுங்கள், இரண்டும் அவளுக்கு உரியவை.

போன் கடலில் விழுந்துவிட்டது. அரிசிக்குள் வைத்திருக்கிறேன். — சீனக்குடா

உடனே வெளியே எடுங்கள். அரிசித் தூசும் சிறு மணிகளும் உள்ளே போகும். அப்பிள் நிறுவனமே 2024 இல் இதைச் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தியது. கடல்நீரில் பெரிய எதிரி ஈரம் அல்ல, உப்பு. காய்ந்த பிறகும் உள்ளே நின்று செம்பைத் தின்னும். நீர் புகாது என்பதற்கு ஐபி68 என்று எழுதியிருப்பதும் நன்னீரில் செய்த சோதனைக்குத்தான்.

போனை அணையுங்கள், சிம்மைக் கழற்றுங்கள், சார்ஜில் போடவே வேண்டாம். நீர்புகாத போன் என்றால் நன்னீரால் வெளியே கழுவலாம். மற்றப் போன் என்றால் இன்றைக்கே திருத்துகிறவரிடம் கொண்டு போய், திறந்து ஐசோப்ரொப்பைல் அல்ககோலால் போர்டைக் கழுவச் சொல்லுங்கள். அது உயிர் வந்தால் முதலில் படங்களையும் தொடர்பு இலக்கங்களையும் பிரதி எடுத்துவிடுங்கள். உப்பு பட்ட போன் சில கிழமை நன்றாக ஓடிவிட்டு நிற்கக்கூடும்.