வீட்டுக் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் தானாக மாறுகிறதா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், வீட்டில் நாலு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டர், ஒரே லாகின். திறக்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்று மாறிக் கிடக்கிறது. ஒரு நாள் கடிகாரம், ஒரு நாள் பிரிண்டர். யாரைக் கேட்டாலும் "நான் தொடவே இல்லை" என்கிறார்கள். பாஸ்வேர்டு போட்டு எல்லோரையும் நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்த வேண்டாம், ஆளுக்கொரு அக்கவுன்ட் கொடுங்கள். எந்த வீட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, தினமும் புழங்குவது அட்மின் அக்கவுன்டா, அதாவது கம்ப்யூட்டரில் எதையும் நிறுவவும் மாற்றவும் உரிமை உள்ள அக்கவுன்டா என்றுதான். பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வரும். வின்டோஸ் நிறுவும்போது உருவாகும் முதல் அக்கவுன்ட் அட்மினாக இருக்கும், அதையே வீடு முழுக்கப் பயன்படுத்துவோம். அதில் உட்கார்ந்து ஒருவர் தெரியாமல் எதையாவது அழுத்தினால், அந்தத் தவறுக்கும் அட்மினின் முழு அதிகாரம் கிடைத்துவிடுகிறது.

மாற்றும்போது வரிசை முக்கியம். செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய்ப் புதிதாக ஓர் அக்கவுன்ட் உருவாக்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். சைன் அவுட் செய்து அந்தப் புது அக்கவுன்டில் ஒருமுறை நுழைந்து பாருங்கள். பாஸ்வேர்டு வேலை செய்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, அங்கிருந்தபடியே உங்கள் பழைய அக்கவுன்டை ஸ்டாண்டர்டு யூசராக, அதாவது அந்த முழு அதிகாரம் இல்லாத சாதாரண அக்கவுன்டாக மாற்றுங்கள். டெஸ்க்டாப், படங்கள், ஃபைல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு வீட்டில் மற்ற மூவருக்கும் தனித்தனி ஸ்டாண்டர்டு அக்கவுன்ட். புது அட்மின் அக்கவுன்டில் மெயில் பார்க்காதீர்கள், இணையத்தில் உலாவாதீர்கள். தேவைப்படும்போது அதன் பாஸ்வேர்டை மட்டும் தட்டினால் போதும்.

பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளும் முன் இன்னொன்று. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பிரிண்டர்ஸ் பக்கத்தில் 'லெட் வின்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்' என்று ஒரு வரி இருக்கும். அது ஆனில் இருந்தால், கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தீர்களோ அதை வின்டோஸே முதன்மை பிரிண்டராக்கிவிடும். 'மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்' வழியாக ஒரு பில்லைச் சேமித்தால்கூட அதுவும் ஒரு பிரிண்டர் கணக்குதான். அதை ஆஃப் செய்துவிட்டு நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடிகார விஷயத்தில், ஸ்டாண்டர்டு யூசரால் மணியை மாற்ற முடியாது, ஆனால் டைம் ஸோனை மாற்ற முடியும். கடிகாரம் மணிக்கணக்கிலோ அரைமணிக் கணக்கிலோ தள்ளி நின்றால் அங்கே பாருங்கள்.

கேள்வி: அண்ணா, எதைச் செய்தாலும் திரை இருட்டாகி "அனுமதிக்கவா?" என்று கேட்கிறது. எரிச்சலாக இருக்கிறது. அதை ஒரேயடியாக அணைத்துவிடலாமா?

பதில்: அணைக்காதீர்கள் அம்மா. 2007-இல் வின்டோஸ் விஸ்டாவோடு அது வீடுகளுக்கு வந்தபோது எல்லோருக்கும் இந்த எரிச்சல் இருந்தது. அதனால்தான் 2009-இல் வின்டோஸ் 7 வந்தபோது எவ்வளவு அடிக்கடி கேட்க வேண்டும் என்பதை 4 படிகளில் நாமே வைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். திரை இருட்டாவதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில் வேறு எந்த புரோகிராமும் உங்களுக்குப் பதிலாக 'யெஸ்' பொத்தானை அழுத்த முடியாது.

"இப்போது நான் எதையாவது நிறுவச் சொன்னேனா, மாற்றச் சொன்னேனா?" என்று யோசியுங்கள். இல்லையென்றால் 'நோ'. வேலை நின்றுபோனால் திரும்பச் செய்துகொள்ளலாம்.

கேள்வி: பிரவுசரில் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் தானாக மாறிவிடுகின்றன. பழையபடி வைத்தாலும் மறுநாள் திரும்பி வந்துவிடுகிறது. அட்மின் அக்கவுன்டும் இல்லை, ஸ்டாண்டர்டுதான்.

பதில்: எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு ஒட்டவைக்கும் சின்னத் துணை புரோகிராம், சேர்க்க அட்மின் அனுமதி தேவையில்லை, அந்த வழியாகத்தான் பெரும்பாலும் இது நுழைகிறது. எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, எதற்கென்று உங்களால் சொல்ல முடியாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். அதோடு ரீசெட் செட்டிங்ஸும் கொடுங்கள். குரோமில் அது புக்மார்க்கையும் சேமித்த பாஸ்வேர்டையும் தொடாது.

அப்படியும் திரும்பி வந்தால் குரோமின் மெனுவில் கடைசி வரியைப் பாருங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று எழுதியிருந்தால், ஏதோ ஒரு புரோகிராம் ரெஜிஸ்ட்ரியில் (வின்டோஸும் புரோகிராம்களும் தங்கள் செட்டிங்ஸைச் சேமித்துவைக்கும் இடம்) விதி எழுதிவைத்திருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் நல்ல காரணத்துக்காக இப்படிச் செய்வதுண்டு, அதனால் பதற வேண்டாம். முகவரிப் பட்டையில் chrome://policy என்று தட்டினால் என்ன விதி, என்ன மதிப்பு என்று தெரியும். தேடுபொறியின் பெயர் அங்கே இருந்தால், அண்மையில் நிறுவிய புரோகிராம்களில் ஒன்றுதான் மூலம். அதை நீக்காமல் பிரவுசரை மட்டும் துடைப்பதில் பயனில்லை.

கேள்வி: ரீஸ்டோர் பாயின்ட் இருக்கும்போது பேக்கப் எதற்கு?

பதில்: இரண்டும் வேறு வேறு. ரீஸ்டோர் பாயின்ட் சிஸ்டம் ஃபைல்கள், டிரைவர்கள் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் புரோகிராம்கள்), ரெஜிஸ்ட்ரி ஆகியவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். அழிந்த ஃபோட்டோவைத் திருப்பித் தராது. அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவிய புரோகிராம்களையும் எடுத்துவிடும்.

அது உங்கள் கம்ப்யூட்டரில் ஆனில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பலவற்றில் ஆஃபில்தான் கிடக்கிறது. ஸ்டார்ட்டில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தட்டினால் வரும் பெட்டியில், சி டிரைவுக்கு எதிரே 'ஆன்' என்று இருக்க வேண்டும். டிரைவர் மாற்றும் முன் நீங்களே ஒரு பாயின்ட் உருவாக்கிவிடுங்கள். ஃபோட்டோக்களுக்கு, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் தனி டிஸ்க் வேண்டும்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரி கிளீனர் எது நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். மைக்ரோசாஃப்டே இவற்றை ஆதரிப்பதில்லை என்று சொல்லியிருக்கிறது. நீங்களே ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க நேர்ந்தால், நீங்கள் மாற்றப்போகும் கீ (ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் போல இருப்பது) மேல் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பிறகு அந்த ஃபைலை டபுள் கிளிக் செய்தால் பழைய மதிப்புகள் வந்துவிடும். ஆனால் நீங்கள் புதிதாகச் சேர்த்தவை அப்படியே நிற்கும், அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும்.

கேள்வி: பயாஸுக்கு பாஸ்வேர்டு போட்டால் முழுப் பாதுகாப்பு என்கிறார்கள். போடலாமா சார்?

பதில்: போடலாம். பயாஸ் என்பது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வின்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை புரோகிராம். அதன் பாஸ்வேர்டு டிஸ்க்கில் இருப்பதைக் காக்காது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். அதைத் தடுப்பது டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது சாவி எண் இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டுவது. லேப்டாப்பில் பயாஸ் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டிய நிலைகூட வரும், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் எதைத் தொடுவதாக இருந்தாலும், முதலில் பிட்லாக்கரின் (வின்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன்) 48 இலக்க ரெக்கவரி கீ உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் டிவைஸ் என்கிரிப்ஷன் நாம் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். சில நேரம் பயாஸில் ஒரு சின்ன மாற்றம் போதும், அடுத்த முறை நீலத் திரை வந்து அந்த எண்ணைக் கேட்கும். எனக்கு வேண்டிய ஒருவருக்கு இது நடந்தது. லேப்டாப்பை முதலில் திறந்து கொடுத்தவர் எந்த மெயில் ஐடி போட்டார் என்று யாருக்கும் நினைவில்லை, கீ அந்த அக்கவுன்டில் இருந்தது. மகளின் 3 வருடப் படங்கள் அந்த டிஸ்க்கிலேயே பூட்டிக் கிடக்கின்றன. அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. தயவுசெய்து இன்றைக்கே அந்த எண்ணைத் தாளில் எழுதி, லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள்.

கேள்வி: அப்டேட் வந்தால் சில செட்டிங்ஸ் மாறிவிடுகிறது. அப்டேட்டையே நிறுத்திவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற வைரஸ் 2017 மே 12 அன்று உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். அவசர வேலை இருந்தால் 'பாஸ் அப்டேட்ஸ்' கொடுத்துச் சில நாள் தள்ளிவையுங்கள், அவ்வளவுதான். வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: லினக்ஸ் பயன்படுத்துகிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

பதில்: பொருந்தும். லினக்ஸின் முழு அதிகார அக்கவுன்டான ரூட்டில் நுழைந்து வேலை செய்யாதீர்கள், தேவைப்படும்போது மட்டும் அந்த அதிகாரத்தைத் தரும் சூடோ கட்டளை போதும். லினக்ஸ் மின்ட் என்றால், ரீஸ்டோர் பாயின்ட் போல வேலை செய்யும் டைம்ஷிஃப்ட் கூடவே வரும், ஆன் செய்யுங்கள்.

கேள்வி: அப்டேட்டில் எது மாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா? எனக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை.

பதில்: எனக்கும் நிற்பதில்லை, அதனால் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு வரி இப்படி இருக்கும்: "மார்ச் 4. பவர் செட்டிங்ஸ். ஸ்லீப் 30 நிமிடம் இருந்தது, 2 மணி ஆக்கினேன். டவுன்லோடு பாதியில் நின்றதால்." பழைய மதிப்பை எழுத மறந்துவிடாதீர்கள், திரும்பப் போக அதுதான் வழி. நீளமான செட்டிங்ஸ் பக்கமாக இருந்தால் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, நோட்டில் தேதியை மட்டும் குறியுங்கள்.