கறுப்புக் காரின் வட்டக் கீறல்கள்: பொலிஷ் செய்வதற்கு முன் கழுவும் முறையை மாற்றுங்கள்

கிளிநொச்சியில் கறுப்புக் கார் ஒன்றை வைத்திருக்கும் நீங்கள், அதை வெயிலில் நிறுத்தினால் பொனட் முழுவதும் சிலந்தி வலை விரித்தாற்போல வட்டக் கீறல்கள் தெரிவதாக எழுதியிருக்கிறீர்கள். ‘கட் அன்ட் பொலிஷ்’ (இயந்திரத்தால் மேற்பரப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது) செய்தால் அவை போய்விடும் என்று கடையில் சொல்வதை நம்பலாமா, போன பின் திரும்ப வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். நம்பலாம், பெரும்பகுதி போய்விடும். ஆயினும் கார் கழுவப்படும் முறை இப்போதுள்ளபடியே தொடர்ந்தால் சில மாதங்களில் அதே கீறல்கள் திரும்பிவிடும். ஆகவே கழுவும் முறையை முதலில் மாற்றிவிட்டு, அதன் பின்னர் பொலிஷ் செய்யுங்கள் என்பதே மாங்குளத்தில் கருநீலக் கார் ஒன்றைப் பராமரித்துவரும் என் ஆலோசனை.

உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமானவை அல்ல. பல திசைகளில் ஓடும், பெரும்பாலும் நேரான, மிக நுண்ணிய கீறல்கள் அவை. வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால், வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. இரவில் ஒரு டோர்ச் லைட்டைப் பிடித்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். வளையங்களும் உடன் நகரும். வளையமாக அன்றி, அலை அலையாக ஒரே தடத்தில் ஓடும் மங்கல் கோடுகள் தெரிந்தால், அவை முன்பு யாரோ பொலிஷ் இயந்திரத்தைச் சரியாகப் பிடிக்காததால் விழுந்தவை. வெள்ளைக் கார்களிலும் இதே அளவு கீறல்கள் இருக்கும். நிறம் அவற்றை மறைத்துவிடுவதால் அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

இந்தக் கீறல்கள் நிறத்தில் விழுவதில்லை. நிறத்தின் மேல் பூசப்பட்டிருக்கும் ‘கிளியர் கோட்’ எனும் நிறமற்ற படையில் விழுகின்றன. பெரும்பாலான கார்களில் இந்தப் படையின் தடிப்பு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிடப் பொதுவாகக் குறைவு. பொலிஷ் செய்வது என்பது கீறலை நிரப்புவதல்ல, கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள படையைத் தேய்த்து இறக்குவது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் இந்தப் படைதான் என்பதால், அது மெலிந்தால் சில ஆண்டுகளில் கூரையும் பொனட்டும் வெளிறி உரியத் தொடங்கும். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் இருந்த வாகனங்களே கைமாறிக்கொண்டிருந்தன. விற்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் பளபளப்பாக்கப்பட்டும் இருக்கலாம். உங்களுடையது அப்படி வாங்கிய காராயின் அதன் மேற்படையில் எவ்வளவு மிச்சமுள்ளது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி, கீறல் எங்கிருந்து வருகிறது? நம் ஊரின் செம்மண்ணிலும் கிரவல் வீதிப் புழுதியிலும் குவார்ட்ஸ் மணல் துணிக்கைகள் கலந்திருக்கின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7. சாதாரண இரும்பைவிடவும் அது கடினமானது, பெயின்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏ9 வீதியிலேயே ஓடினாலும், ஒழுங்கைக்குள் திரும்பி வீட்டுக்கு வருவதற்குள் கார் முழுவதும் அந்தத் துணிக்கைகள் படிந்துவிடுகின்றன. புழுதி படிவதால் மட்டும் கீறல் விழாது. படிந்த புழுதியின் மேல் துணியை வைத்துத் தேய்க்கும்போதே விழுகிறது. காலையில் புறப்படுமுன் பழைய சாரத் துண்டாலோ இறகுத் தூரிகையாலோ தூசு தட்டும் நம்மவர் பழக்கமே இதில் முதற் குற்றவாளி. உழவு இயந்திரத்தின் சேறு கழுவிய அதே புருசையும் ஸ்பொஞ்சையும் அடுத்து வரும் காருக்கும் பயன்படுத்தும் சேர்விஸ் நிலையங்கள் இரண்டாவது. மூன்றாவதைப் பலர் நம்புவதில்லை: காரை மூடும் உறை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் புழுதி படிந்த காரின் மேல் உறையைப் போட்டால், அது காற்றில் அசைந்து அசைந்து நாள் முழுவதும் தேய்த்துக்கொண்டே இருக்கும். கொட்டில் ஒன்று போட முடியுமானால் உறையை விட்டுவிடுங்கள்.

கழுவும்போது, காரைத் தொடுவதற்கு முன்பே தண்ணீரால் முடிந்தளவு மண்ணை இறக்குவதுதான் பாதி வேலை. ஹோஸைக் கூரையிலிருந்து கீழ்நோக்கிப் பிடித்து, மட்கார்ட் ஓரங்களில் கட்டிபட்ட சேறு கரையும்வரை பொறுத்திருங்கள். பிறகு இரண்டு வாளிகள் வேண்டும்: ஒன்றில் கார் ஷம்பூ கரைத்த நீர், மற்றதில் வெறும் நீர். மைக்ரோபைபர் கையுறையால் ஒரு பகுதியைக் கழுவியதும் அதை வெறும் நீரில் அலசி மண்ணை விட்ட பின்னரே மீண்டும் ஷம்பூ வாளியில் தோய்க்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கழுவி, கதவுகளின் அடிப்பகுதியைக் கடைசியில் தொடுங்கள். சில்லுகளுக்கு வேறு துணி. கீழே மண்ணில் விழுந்த துணியை, உதறினேன் என்று சொல்லி மறுபடி காரில் வைக்காதீர்கள்.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். நம் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. வெயிலில் காய்ந்தால் சுண்ணாம்புப் புள்ளிகள் படியும், அவற்றை எடுக்கத் தேய்த்தால் புதிய கீறல் விழும். ஆகவே வெயில் ஏறுமுன் அல்லது சாய்ந்த பின் நிழலில் கழுவி, பெரிய மைக்ரோபைபர் துவாயை விரித்து ஒற்றி எடுங்கள்.

இவை பழக்கமான பின் கடைக்குப் போகலாம். விரல் நகத்தால் மெல்லத் தடவும்போது நகம் தடுக்கும் கீறல் ஆழமானது. அதைப் போக்கச் சொல்லிக் கடைக்காரரை வற்புறுத்தாதீர்கள். அச்சில் மட்டும் சுழலும் ரோட்டரி இயந்திரம் வேகமாக வேலை முடிக்கும். ஆனால் கை பழகாதவரிடம் அது விளிம்புகளில் பெயின்டைச் சுட்டுவிடும். சுழன்றபடியே அதிரவும் செய்யும் ‘டூவல் அக்ஷன்’ இயந்திரம் இருக்கும் கடையையே நான் தேர்வேன். காரை நன்கு கழுவி, களிமண் போன்ற ‘கிளே பார்’ கட்டியால் ஒட்டிய துகள்களை நீக்கி, விளிம்புகளுக்கும் ரப்பர்களுக்கும் டேப் ஒட்டிய பிறகே இயந்திரம் படவேண்டும். பொனட்டின் ஒரு சிறு பகுதியில் மென்மையான ஃபோம் மெத்தையும் நுண்ணிய பொலிஷும் கொண்டு முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அதுவே போதுமானால் கடுமையாகத் தேய்க்கும் ‘கொம்பவுண்ட்’ பசை தேவையில்லை. பத்தில் எட்டுக் கீறல் போய்விட்டால் நிறுத்திவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். மிச்சத்தை மதிய வெயிலில் உற்றுப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

செராமிக் பூச்சு கீறலையே வரவிடாது என்று விற்பார்கள். அது மண் எளிதில் கழுவப்பட்டுப் போக உதவும், தவறாகத் தேய்த்தால் அதிலும் கீறல் விழும். எந்தப் பூச்சாயினும், பொலிஷ் முடிந்தவுடன் அதைப் பூச விடாதீர்கள். சில பொலிஷ்களில் உள்ள எண்ணெயும் நிரப்பிகளும் கீறலை மறைத்துவைத்து, சில கழுவல்களுக்குப் பின் வெளிக்காட்டும். நீர் கலந்த ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் ஒரு பகுதியைத் துடைக்கச் சொல்லி, டோர்ச் லைட்டை அருகில் பிடித்து நீங்களே பாருங்கள். அப்போதும் வளையங்கள் தெரியாவிட்டால் மெழுகோ செராமிக்கோ பூசச் சொல்லிப் பணத்தைக் கொடுக்கலாம்.