தானாகத் திரும்பும் கழுத்து: யாரிடம் போவது?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. எட்டு மாதமாகத் தலை தானாக இடப்பக்கம் திரும்பிக்கொள்கிறது, வலியும் உண்டு. எம்ஆர்ஐ எடுத்து 'எலும்புத் தேய்மானம்' என்றார்கள். ஒரு நிலையத்தில் 20 முறை கழுத்தைச் சரிசெய்ய முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: கட்டாதீர்கள். இந்த வயதில் ஸ்கேன் எடுத்தால் பலருக்கும் தேய்மானம் தெரியும். அது வலி தரலாம். தலையைத் தானாகத் திருப்பாது. இது கழுத்து டிஸ்டோனியாவாக இருக்கலாம். மூளை கழுத்துத் தசைகளுக்குத் தவறான கட்டளை அனுப்புவதால் வருவது. ஸ்கேன் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தலை இடப்பக்கம் திரும்பும்போது வலது காதின் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை ஒரு தசை கயிறு போலப் புடைக்கிறதா? தாடையில் விரலை லேசாக வைத்தால் தலை நேராகிறதா? தூக்கத்தில் அடங்குகிறதா? உட்கார்ந்திருக்கையில், நடக்கையில், தாடையைத் தொடுகையில் என இரண்டு நிமிடம் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். மருத்துவர் முன் அது பாதி வேலையை முடித்துவிடும்.

கழுத்தைச் சடக்கென்று திருப்புபவர்களிடம் போகவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. முகச்சுருக்கத்துக்கு ஊசி போடும் அழகுக்கலை மருந்தகமும் இதற்கு இடமில்லை. "இருபதுக்குச் சேர்த்துக் கட்டினால் கழிவு" என்று ஆள்பிடிப்பவருக்கு உங்கள் கணவரின் கழுத்தைப் பற்றிக் கவலையில்லை.

அரசு பலதுறை மருந்தகத்துக்கோ சாஸ் (அரசு மானியத் திட்டத்தில் சேர்ந்த தனியார்) மருந்தகத்துக்கோ போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மானியக் கட்டணத்துக்கு அது வேண்டும். கடிதத்தில் வெறும் 'கழுத்து வலி' என்று எழுதினால் எலும்பு மருத்துவரின் வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள். ஒரே ஒரு சொல்லுக்காக நோயாளிகள் இப்படி மாதக்கணக்கில் அலைவது கொடுமை. 'தலை தானாகத் திரும்புகிறது, டிஸ்டோனியாவா?' என்று எழுதச் சொல்லி, நரம்பியலில் இயக்கக் கோளாறு பிரிவைக் கேளுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: மருந்துகள். வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோபிரமைட், மனநல மருந்தான ஹேலோபெரிடால் போன்றவையும் கழுத்தை இப்படித் திருப்பும். தொடங்கிய சில நாளிலும் வரும், மாதக்கணக்கில் சாப்பிட்ட பிறகும் வரும், நிறுத்திய பின்னும் நீடிக்கும். ஜோகூரில் வாங்கியது, ஊரிலிருந்து வந்தது எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுபோங்கள். ஆனால் மனநல மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

முதன்மைச் சிகிச்சை, இழுக்கும் தசைகளில் மட்டும் போடும், தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி (முகச்சுருக்கத்துக்குப் போடுவதும் இந்த வகைதான்). ஓரிரு வாரத்தில் பலன் தெரியும், சுமார் 12 வாரம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். முன்கூட்டியே போட்டால் உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகி மருந்து வேலை செய்யாமல் போகலாம். ஒரு நிறுவன மருந்தின் யூனிட் கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது. போட்ட மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்குங்கள். முதல் தடவையில் முழுப் பலன் இல்லாவிட்டால் மருத்துவர் தசையையும் அளவையும் மாற்றிப் பார்ப்பார். ஊசிக்குப் பின் விழுங்கச் சிரமமானால் அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் 995-ல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.