ஆறு, காடு, காட்டுப்பூ: திருச்சியிலிருந்து அரை நாளில்

கேள்வி: நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. மாமியாரும் எங்களோடு இருக்கிறார், அவருக்கு மூட்டுவலி. லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்புகிறோம். பாதிப் பொழுது வண்டியிலேயே போய்விடுகிறது. ஆறு, காடு, காட்டுப்பூ எல்லாம் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா? ஆற்றில் இறக்கலாமா? பாம்பை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

முடியும். ஊட்டிக்குப் போய்வரும் செலவில் திருச்சியைச் சுற்றியே ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஓட்டிவிடலாம். ஆனால் பாம்பைவிடத் தண்ணீருக்குத்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும். அதைப் பற்றிக் கீழே விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பயணத்துக்கு ஸ்ரீரங்கம் மேலூரில் இருக்கிற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா போதும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வனத்துறை அமைத்தது, 2015-ல் திறந்தார்கள். நடப்பதற்குச் சமதளம், அங்கங்கே உட்காரலாம், கழிப்பறை உண்டு. மூட்டுவலிக்காரர் ஒருவரை அழைத்துப் போகும்போது, இடத்தின் அழகைவிட இந்த மூன்றையும்தான் நான் முதலில் விசாரிப்பேன். மழைக்குப் பிறகு, ஐப்பசியிலிருந்து தை வரை பூச்சிகள் நிறைய இருக்கும். விடியற்காலையில் போய்ப் பயனில்லை. வண்ணத்துப்பூச்சிக்கு வெயில் பட்டு உடம்பு சூடேறினால்தான் பறக்க வரும். ஒன்பது மணிவாக்கில் உள்ளே போனால் சரியாக இருக்கும்.

அங்கே கிலுகிலுப்பைச் செடி கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதை கிலுகிலுவென்று ஆடும். உங்கள் மகன் அதிலேயே பத்து நிமிடம் செலவழிப்பான். மகளை வாடிய இலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு இறக்கையில் நீலக் கோடுகளோடு நீல வரியன் பூச்சிகள் பூவே இல்லாத இடத்தில் மொய்த்துக் கிடக்கும். காலால் இலையைச் சுரண்டி, கசிவதை உறிஞ்சும். பெரும்பாலும் ஆண் பூச்சிகள். அந்தச் செடியில் இருக்கிற ஒரு வேதிப்பொருளை எடுத்துத்தான் அவை பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. பறவைகளுக்கு அது பிடிக்காத கசப்பு என்பதால் உயிருக்கும் பாதுகாப்பு. (வாசனை விவரத்தை மகளுக்கு எவ்வளவு சொல்வது என்பது உங்கள் பாடு.)

காட்டுப்பூவுக்குக் காட்டுக்கே போக வேண்டியதில்லை. ஊரைத் தாண்டி நாலு கிலோமீட்டரில் ஒரு வேலியோரம், ஒரு ஏரிக்கரை, ஒரு வரப்பு போதும். இங்கே மாமியார்தான் வழிகாட்டி, உங்கள் கைபேசி இல்லை. துத்தி, தும்பை, குப்பைமேனி, நாயுருவி, ஆவாரை என்று அவர் பேர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதட்டும். கைபேசிச் செயலி லத்தீன் பெயரைத்தான் சொல்லும். எதை எந்தப் புண்ணுக்கு அரைத்துப் போட்டார்கள், எதன் தேனைச் சின்ன வயதில் உறிஞ்சினார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஒரே வேலிக்குக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். காலையில் நெருஞ்சி மஞ்சளாக விரிந்து சூரியனைப் பார்த்து நிற்கும். பக்கத்தில் துத்தி இறுக மூடியிருக்கும். மாலையில் துத்தி விரிந்திருக்கும். ஏன் என்று மகள் கேட்டால், எந்தப் பூச்சி எந்த நேரத்தில் வருகிறது என்று அவளையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் அழைத்துப் போன பிள்ளைகளில், பத்து இடங்களை ஒவ்வொரு தடவை பார்த்தவர்களைவிட ஒரே இடத்தைப் பத்துத் தடவை பார்த்தவர்கள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள். புரட்டாசியில் காவிரிக் கரை நாணல் வெள்ளையாகப் பூக்கும். மார்கழிக் கடைசியில் பொங்கல் காப்புக்குப் பறிக்கிற சிறுபூளை வரப்பெல்லாம் நிற்கும். சித்திரையில் கொன்றை. வருடத்துக்கு நாலு முறை அதே பாதையில் நடந்தால் இதெல்லாம் தானாகப் பிடிபடும்.

வேலியில் எருக்கு இருந்தால் இலையின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு ஒரு புழு இருக்கலாம்; வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. பார்க்கலாம், இலையைக் கிள்ளக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. பட்டுவிட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்று செங்காந்தள். நம் மாநிலப் பூ. மழைக்காலத்தில் முள்வேலியைப் பற்றிக்கொண்டு ஏறும். இலையின் நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, எதையாவது பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். இதழ்கள் முதலில் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து, நாளாக ஆக நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் மூன்று நிலையும் பார்க்கலாம். ஆனால் கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம், கிழங்கு ரொம்பவே. தொடாமல் பார்ப்பது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுப் போங்கள். பேர் தெரியாத எந்தக் காயையும் வாயில் வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

சரி, ஆறு.

காவிரியில் எப்போது தண்ணீர் வரும் என்பது பெரும்பாலும் மேட்டூரின் கையில். வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் தண்ணீர் இல்லாத வருடம் தேதி தள்ளிப்போகும். தண்ணீர் மிஞ்சினால் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். நேற்று பையன்கள் கிரிக்கெட் ஆடிய மணலில் இன்று இடுப்பளவு ஓடும். ஆகவே கிளம்பும் முன் மேட்டூர் நிலவரத்தைச் செய்தியில் பார்த்துவிடுங்கள். அணைக்கு நீர்வரத்து ஏறுகிறது, உபரி நீர் திறப்பு என்று கேட்டால் அந்த வாரம் ஆற்றுக்குள் இறங்கும் பேச்சே வேண்டாம். கரையிலிருந்து வெள்ளத்தைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குப் பெரிய காட்சிதான்.

மாசி, பங்குனியில் ஆறு வற்றியிருக்கும்போது ஆபத்தில்லை என்று நினைப்பார்கள். என் அனுபவத்தில் அப்போதுதான் கவனம் குறைகிறது. மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் நிற்கும். மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி தெரியும். ஓரடி எடுத்து வைத்தால் மணல் சரிந்து ஆளை உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்த பெரியவர்களே இப்படிக் குழியில் போயிருக்கிறார்கள்.

எங்கள் குழுவில் நான் வைத்திருக்கிற விதி இதுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அவன் முட்டிக்குக் கீழே தண்ணீர், தரை கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். நிற்பவர் கையில் கைபேசி கூடாது. 'எல்லாரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் யாரும் பார்ப்பதில்லை. ஆளைப் பேர் சொல்லி நிறுத்துங்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போன்ற படித்துறைகளில் படியில் உட்கார்ந்து கால் நனைக்கலாம். பாசிப் படியில் நிற்க வேண்டாம்.

தண்ணீருக்கு எப்போதும் ஒரு 5 லிட்டர் கேன் எடுத்துப் போவேன், கூடவே பத்து மீட்டர் கயிறு. குடித்துத் தீர்ந்ததும் மூடியை இறுக்கிக் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி வைத்துவிடுவேன். யாராவது தத்தளித்தால் வீசுவதற்கு அது மிதவை. அது இல்லாவிட்டால் வேட்டி, துப்பட்டா, நீளமான கழி, எதுவானாலும் சரி. காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போவதுதான் நம் ஆறுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

மலையாறு வேறு விதம். துறையூர் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் புளியஞ்சோலை இருக்கிறது. மேலே ஆகாய கங்கை அருவியாக விழுகிற அதே ஐயாறு அங்கே பாறைகளுக்கு நடுவே ஓடி வரும். நிழலும் தண்ணீரும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலையில் மழை கொட்டியிருக்கும், அந்தத் தண்ணீர் ஒரே மூச்சில் வந்து சேரும். போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். கால் மணிக்கு ஒருதரம் பார்ப்பது மகள் வேலை. ஒருமுறை எங்கள் குச்சி இருந்த இடத்தில் இருந்தபடியே இருந்தது, ஆனால் தெளிந்த தண்ணீரில் சருகும் சுள்ளியும் கூட்டமாக வர ஆரம்பித்தன. சாப்பாட்டுத் தூக்கைக்கூட மூடாமல் எல்லாரையும் மேலே ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் குச்சியைக் காணோம். கலங்கல், சருகு, மேலிருந்து வரும் இரைச்சல், இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கரையேறிவிடுங்கள். வனத்துறை தடை போட்டிருந்தால் திரும்பி வந்துவிட வேண்டும், கெஞ்சிப் பார்க்கக் கூடாது.

பறவைக்கு அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி ஏரி. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2024-ல் சேர்ந்தது. மார்கழி, தையில் போனால் இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தைப் பார்க்க வாய்ப்புண்டு. கரையில் நடந்தாலே போதும், மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

மலையேற்றம் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். மகன் இன்னும் இரண்டு வருடம் வளரட்டும். போவதானால் அனுமதியோடுதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து இணையப் பதிவுக்குத் திறந்தது. எளிதில் ஆரம்பியுங்கள். குழந்தைகளின் வயது வரம்பைப் பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள்.

பாம்புக்கு வருவோம். முழுக்காலும் மூடுகிற பேன்ட், மூடிய ஷூ, பாதையை விட்டு விலகாத நடை. பாறை இடுக்கு, மரப்பொந்து, கற்குவியல், இதிலெல்லாம் கையை விடக் கூடாது. முக்கால்வாசிப் பயம் இதிலேயே தீர்ந்துவிடும். பாம்பு தெரிந்தால் நின்று, பின்னால் நகர்ந்து, அது போக வழிவிடுங்கள். கடித்தால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றி, கடிபட்ட கையோ காலோ ஆடாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். ஆளை நடக்கவிட வேண்டாம். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை. விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் முக்கியம். கிளம்பும் முன்பே அந்தப் பக்கத்து மருத்துவமனை எது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் புளியோதரை, வெள்ளரிப்பிஞ்சு, வறுத்த கடலை இருக்கட்டும். பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட் வேண்டாம், குரங்கு கையிலிருந்தே பிடுங்கும். வெயில் நாளில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்து ஒரு பாட்டில்.

அப்புறம் உங்கள் மகன். ஒரு கிலோமீட்டர் தாண்டினால் 'தூக்கு' என்பான். போகிற தூரத்தைக் கணக்கிடாதீர்கள், அவன் குதித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். சோர்ந்த பிறகு திரும்பினால் திரும்பும் வழி முழுவதும் உங்கள் இடுப்பில்தான்.