கணக்குப்பிள்ளை பதில்கள்: கோகோ மூட்டையும் பள்ளிக்கூடப் பையும்

சாக்லேட்டுக்குப் பின்னால் பிள்ளைகளின் உழைப்பு இருக்கிறது என்கிறார் என் கணவர். மகள் பிறந்தநாளுக்கு வாங்கலாமா, வேண்டாமா?
– ஈரோட்டு வாசகி

வாங்குங்கள். பிறந்தநாள் அன்று பிள்ளையின் வாயைக் கட்ட நான் யார்? ஆனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை. சாக்லேட் செய்யும் கோகோக் கொட்டையில், உலகத்துக் கணக்கில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளிலிருந்தே வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் 2018–19 பருவத்தில் எடுத்த கணக்குப்படி, அந்த இரு நாடுகளிலும் கோகோ வேலையில் இருந்த குழந்தைத் தொழிலாளர்கள் 15.6 லட்சம் பேர்.

எனக்கு இது செய்தித்தாளில் படித்த விஷயமில்லை. ஐவரி கோஸ்டின் தலோவா நகரத்தில் ஒரு கோகோ கிடங்கில் ஏழு வருஷம் கணக்கு எழுதினேன். 2017 ஏப்ரல் 1 அன்று விலைப் பத்தியில் 1,100-ஐ அடித்துவிட்டு 700 என்று எழுதிய கை இது. கிலோவுக்கு, அந்த நாட்டுப் பணமான செஃபா பிராங்கில். உலகச் சந்தையில் சில மாதங்களுக்குள் விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது. துறைமுகங்களில் லாரிகள் நாள்கணக்கில் வரிசை கட்டி நின்றன, மூட்டைக்குள் கொட்டை பூஞ்சணம் பிடித்தது. விவசாயிக்கு விலை வைப்பது அங்கே அரசாங்கம்; கடைசியில் அது அந்த விலையைக் குறைத்தது.

மூன்று ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெக்டேருக்கு 400 கிலோ காய்ந்த கொட்டை, ஆக 1,200 கிலோ. பழைய விலையில் வருஷத்துக்கு நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. புது விலையில் தொண்ணூறாயிரம் சொச்சம். இதிலேதான் மருந்து, உரம், ஆள் கூலி, ஏழெட்டு பேருக்குச் சாப்பாடு எல்லாம் ஆக வேண்டும். மரத்துக்கு வைத்தியம் பார்க்காவிட்டால் அடுத்த வருஷம் காயே இருக்காது. வயிற்றைக் குறைக்கவும் முடியாது. குறைக்க முடிந்தது ஆள் கூலி ஒன்றுதான். ஆளை நிறுத்தினால் அந்த வேலையை யார் செய்வது? கூலி கேட்காத ஆள் வீட்டிலேயே இருக்கிறான், ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டு. பக்கத்து நாடுகளான மாலியிலிருந்தும் புர்கினா ஃபாசோவிலிருந்தும் ஏமாற்றிக் கொண்டுவரப்படும் பிள்ளைகளும் உண்டு, அது நிஜக் கொடுமை. ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் வேலை செய்வது சொந்த அப்பன் தோட்டத்தில்.

விலை விழுந்தால் பிள்ளை வேலைக்குப் போகிறான் என்பது என் ஊகமும் இல்லை. 1989–90 வாக்கில் அதே நாட்டில் விலையைக் கிலோ 400 பிராங்கிலிருந்து 200-க்கு இறக்கினார்கள். பின்னால் பொருளாதார ஆய்வாளர்கள் புள்ளிவிவரங்களைத் தோண்டிப் பார்த்தபோது, மற்ற விவசாயிகளின் பிள்ளைகளைவிடக் கோகோ விவசாயிகளின் பிள்ளைகள்தான் அதிகமாகப் பள்ளியிலிருந்து கழன்று வேலைக்குப் போயிருந்தார்கள்.

நானும் சின்ன வயதில் அப்பாவோடு களை எடுத்தேன், நாற்று சுமந்தேன். அதையும் குழந்தைத் தொழில் என்பீர்களா? வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் பெரிதுபடுத்துகிறார்கள்.
– திருவாரூர் வாசகர்

லீவு நாளில் அப்பா கூடப் போய்ப் பொறுக்கிப் போடுவதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை ஐயா. கத்தி, பாரம், பூச்சிமருந்து இந்த மூன்றும், பள்ளியைத் தின்னும் நேரமும்தான் கேள்வி.

காய் உடைப்பதை ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். குவித்துவைத்த மஞ்சள் காய்களைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். இடது உள்ளங்கையில் காயை வைத்து, வலது கையில் இருக்கும் நீளக் கத்தியால் ஒரு வெட்டு. ஓட்டோடு வெட்டு நிற்க வேண்டும், உள்ளே இருக்கும் கொட்டையில் படக் கூடாது. கத்தி ஓட்டில் சிக்கியபடியே ஒரு திருகு, காய் இரண்டாகப் பிளக்கும். பெரியவர்களுக்கே இடது கையில் கோடு கோடாகத் தழும்பு. அன்று அதைச் செய்துகொண்டிருந்த பையனுக்குப் பதினொரு வயது இருக்கும். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தான், வேகத்தில் மட்டும் அப்பனை மிஞ்சினான். பெருமையாக என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பள்ளி நேரம் என்றேன். அங்கே பள்ளி செப்டம்பரில் திறக்கும். கோகோவின் பெரிய பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்கும், அதையொட்டித்தான் விலையும் அறிவிப்பார்கள். நோட்டு, சீருடை, பள்ளிச் சந்தா எல்லாவற்றுக்கும் பணம் தேவைப்படும் மாதத்தில் வீட்டில் ஒரு காசு இருக்காது. பணம் வரும் மாதங்களில் ஆள் போதாது. நம் ஊரில் ஜூனில் வட்டிக்கடை வாசலில் கூட்டம் நிற்குமே, அதே கதை.

இன்னொன்று, யாரும் எழுதாத சங்கதி: பிறப்புச் சான்றிதழ். வந்தேறிக் குடும்பங்களில் பல பிள்ளைகளுக்கு அது கிடையாது. அது இல்லாமல் ஆரம்பப் பள்ளி முடிக்கும் பரீட்சை எழுத முடியாது. எப்படியும் அந்தப் பரீட்சை வாசலில் நின்றுவிடப்போகிற பிள்ளையை எதற்கு அதுவரை அனுப்புவது என்று கேட்டார் ஒருவர். அவர் குத்தகைக்காரர், விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வாங்குபவர். நான் வாயடைத்துப் போனேன்.

குழந்தைத் தொழிலை ஒழிப்பதாகச் சாக்லேட் கம்பெனிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களாமே?
– மதுரை வாசகர்

போட்டார்கள். 2001-இல் அமெரிக்க செனட்டர் ஹார்க்கின், பிரதிநிதி எங்கல் இருவர் பெயரிலும் ஓர் ஒப்பந்தம். மோசமான குழந்தைத் தொழிலை 2005-க்குள் ஒழிப்பதாக வாக்கு. பிறகு 2008. பிறகு 2010. பிறகு 2020-க்குள் எழுபது சதவீதம் குறைப்பு. மேலே சொன்ன 15.6 லட்சம், அந்தக் கடைசிக் கெடு முடியும் நேரத்தில் வந்த கணக்கு. கறாரான சட்டமாக வந்திருக்க வேண்டியது, ‘விருப்பப்பட்டால் செய்கிறோம்’ என்ற காகிதமாக மாறியது. கடனை ஒவ்வொரு தீபாவளிக்கும் தள்ளிப்போடுகிறவனுக்கு வட்டி இல்லாவிட்டால் கடைசிவரை தள்ளிக்கொண்டேதான் போவான்.

2024-இல் கோகோ விலை வானத்தைத் தொட்டது. எங்கள் தென்னந்தோப்பில் ஊடுபயிராக இருந்ததை விற்று நாங்கள் நல்ல காசு பார்த்தோம். ஆப்பிரிக்க விவசாயிக்கும் அப்படித்தானே?
– பொள்ளாச்சி வாசகர்

உங்களுக்குக் கிடைத்தது, அவருக்கு அந்த அளவு கிடைக்கவில்லை. அந்தக் கோடையில் நம் பக்கம் காய்ந்த கொட்டை கிலோ 1,000 ரூபாயைத் தொட்டது. அதே ஏப்ரலில் ஐவரி கோஸ்டில் விலையை ‘உயர்த்தி’ 1,500 பிராங்க் என்று அறிவித்தார்கள். கணக்குப் போட்டால் 205 ரூபாய். காரணம், அங்கே அரசாங்கத்தின் கோகோ வாரியம் அடுத்த வருஷ விளைச்சலை முன்கூட்டியே பேரம் முடித்து விற்றுவிடும், விவசாயிக்கு ஒரே விலை. சந்தை சரியும்போது ஓரளவு அது அவரைக் காக்கும். ஏறும்போது, விற்றாகிவிட்டது. நோயாலும் மழைக் கோளாறாலும் அந்த வருஷம் காயும் குறைவு.

அதோடு உங்களுக்குத் தேங்காய் இருக்கிறது. கோகோ விழுந்தால் தென்னை தாங்கும். அவருக்குக் கோகோ விழுந்தால், ஐந்தாம் வகுப்புப் பையன்.